கைவிடப்பட்ட ரயில் நிலையங்கள் – தமிழ்நாடு

ரயில் வருவது நின்றுபோய், தண்டவாளம் பெயர்க்கப்பட்டோ புதர் மண்டியோ கிடக்கும் நிலையங்களும் அவற்றைச் சார்ந்த பாதைகளும் கைவிடப்பட்டவை எனப்படும். தமிழ்நாட்டில் கடல் கொண்டுபோனது ஒன்று. போருக்குப் பலியானவை சில. பேருந்துப் போட்டியாலும் பாதை அகல மாற்றத்தாலும் மூடப்பட்டவை பல. இவற்றின் வரலாற்றைச் சேர்த்துப் பார்க்கையில், பயணிகள் குறைந்ததால் மட்டுமே இவை மூடப்பட்டன என்ற பொதுவான எண்ணம் நிற்பதில்லை. நிலையம் எந்தப் பாதையில், யார் பணத்தில், எதற்காகக் கட்டப்பட்டது என்பதே அதன் ஆயுளைப் பெரும்பாலும் முடிவு செய்திருக்கிறது.

பிழைத்த பாதை: அய்யலூர் வழியாக

கைவிடப்பட்டவற்றைப் புரிந்துகொள்ளக் கைவிடப்படாத ஒன்றிலிருந்து தொடங்குவது நல்லது. திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் வட்டத்திலுள்ள அய்யலூர், ஆட்டுச் சந்தைக்கும் தக்காளிக்கும் பெயர்பெற்ற பேரூர். சுற்றியுள்ள குன்றுக்காடுகளில் தேவாங்குகள் வாழ்கின்றன. அவற்றுக்காகவே 2022-இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. திருச்சியிலிருந்து திண்டுக்கல் போகும் ரயிலில் மணப்பாறையைத் தாண்டினால் வையம்பட்டி, கல்பட்டிச்சத்திரம், அய்யலூர், வடமதுரை, தாமரைப்பாடி என்று சிறு நிலையங்கள் வரிசையாக வருகின்றன. தமிழகத்தின் பழைய பாதைகளில் இது ஒன்று.

தென்னகத்தின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. அதன்பின் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே என்ற கம்பெனி, நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-லும் திருச்சிக்கு 1862-லும் பாதை போட்டது. 1874-இல் அது கர்நாடிக் ரயில்வேயுடன் இணைந்து சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. மறு ஆண்டே மீட்டர் கேஜ் பாதை திருச்சியிலிருந்து திண்டுக்கல் வழியாக மதுரையை எட்டியது. 1876 ஜனவரி 1 அன்று தூத்துக்குடி வரை நீண்டது. மலைக்கும் காவிரிக்கும் இடைப்பட்ட இந்த வறண்ட சமவெளியில், மாட்டு வண்டியில் நாட்கணக்கில் ஆகும் தூரம் ஒரே பகலுக்குள் அடங்கிவிட்டது.

பாதை திறந்த கையோடு தாது வருடப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை உலுக்கிய அந்தப் பஞ்சத்தில் துறைமுகத்தில் இறங்கிய தானியத்தை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தது ரயில். விலை அதிகம் கிடைக்கும் இடத்துக்குத் தானியத்தை இழுத்துக்கொண்டு போனதும் அதே ரயில்தான் என்ற விமர்சனம் அன்றே எழுந்தது. இரண்டும் உண்மை. ஆனால் அரசு எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான்: 1880-இல் அறிக்கை தந்த பஞ்சக் கமிஷன், பஞ்சத்தைத் தடுக்க மேலும் ரயில் பாதைகள் வேண்டும் என்றது. தமிழகத்தில் பின்னாளில் கைவிடப்பட்ட சில பாதைகளின் பிறப்பு இந்தப் பரிந்துரையில்தான் இருக்கிறது.

அய்யலூர் வழியே ஓடிய ரயில்கள் இலங்கைக்கும் ஆள் சுமந்தன. தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பு போகும் வணிகர்களும், கங்காணிகள் திரட்டிய தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இவ்வழியே போனார்கள். 1914-இல் தனுஷ்கோடி துறைமுகம் வந்த பிறகும், திருச்சியிலிருந்து புதுக்கோட்டை வழியாக மானாமதுரைக்கு நேர்ப்பாதை 1930-இல் முடியும் வரை, இலங்கைப் பயணிகள் திண்டுக்கல், மதுரை வழியாகத்தான் சுற்றிப் போக வேண்டியிருந்தது. நேர்ப்பாதை வந்ததும் கப்பல் பயணிகள் போனார்கள். ஆனால் அய்யலூர்ப் பாதை மதுரையையும் தென்கோடியையும் சென்னையோடு சேர்க்கும் தண்டுப் பாதை என்பதால் பிழைத்தது. 1990-களின் இறுதியில் அகலப் பாதையாக மாறி, இன்று மின்மயமான இரட்டைப் பாதையாக இருக்கிறது.

பாதை பிழைத்தது உண்மை. அதன் சிறு நிலையங்கள் முழுதாகப் பிழைத்தன என்று சொல்ல முடியாது. தெற்கே போகும் பெரும்பாலான விரைவு ரயில்கள் அய்யலூரில் நிற்பதில்லை; ஊருக்கு வாய்த்தது பாசஞ்சர் ரயில்தான். கட்டடமும் பெயர்ப் பலகையும் இருந்தும் ரயில் வேகம் குறையாமல் கடக்கும் நிலையங்களைப் பாதி கைவிடப்பட்டவையாகவே கருத வேண்டும். அவற்றையும் இந்த வரலாற்றில் சேர்க்காவிட்டால் படம் முழுமை பெறாது.

பஞ்சத்துக்குப் போட்ட பாதை, போருக்குப் போன தண்டவாளம்

பஞ்சக் கமிஷனின் வழியில் பிறந்தவை அன்றைய சேலம் மாவட்டத்தின் இரண்டு குறும்பாதைகள். திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி பாதை 1905-லும் மொரப்பூர்–தருமபுரி பாதை 1906-லும் திறக்கப்பட்டன. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடி அகலம்தான். தருமபுரிப் பாதை 1913-இல் ஓசூர் வரை நீண்டது. மழை பொய்த்தால் தானியம் சேர்க்க என்று போடப்பட்டவை என்பதால், நல்ல மழை பெய்த ஆண்டுகளில் இவற்றுக்குப் பெரிய வருமானம் இல்லை. லாபக் கணக்கில் இவை என்றும் தேறாதவை. அந்தக் கணக்குக்காகக் கட்டப்பட்டவையும் அல்ல.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் லாபக் கணக்கே அளவுகோலானது. வருவாய் குறைந்த கிளைப் பாதைகளைத் தேர்ந்தெடுத்துத் தண்டவாளங்களைப் பெயர்த்துப் போர்த் தேவைக்கு அனுப்பினார்கள். 1941-இல் தருமபுரி, ஓசூர், கிருஷ்ணகிரிப் பாதைகள் மூடப்பட்டன. போர் முடிந்தும் அவை திரும்ப வரவில்லை. தருமபுரிக்கும் ஓசூருக்கும் பல ஆண்டுகள் கழித்து சேலம்–பெங்களூர் பாதை வேறு வழியாக வந்து சேர்ந்தது. மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி நகருக்கு இன்றுவரை ரயில் இல்லை. 1905-இல் ரயில் பார்த்த ஊர் இன்று ரயிலேற வேறு ஊருக்குப் போவது, சிற்றூர் ரயில் வரலாற்றின் பெரிய அநீதிகளில் ஒன்று.

போடியும் டாப் ஸ்டேஷனும்

மதுரை–போடிநாயக்கனூர் பாதையின் கதை வேறு. ஏலக்காய்க்கும் மலைத் தோட்டச் சரக்குக்கும் என்று 1928-இல் திறந்த இந்தப் பாதையும் 1942-இல் போருக்காகப் பெயர்க்கப்பட்டது. ஆனால் ஏலக்காய் வணிகத்தின் கனம் அதைத் திரும்ப அழைத்தது. 1950-களின் நடுவில் மீண்டும் தண்டவாளம் விழுந்தது. 2010-இன் இறுதியில் அகலப் பாதை மாற்றத்துக்காக மறுபடி மூடினார்கள். பத்தாண்டுக்கு மேல் உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி நிலையங்கள் ரயில் பார்க்கவில்லை. தேனிக்கு 2022 மே மாதமும் போடிக்கு 2023 ஜூன் மாதமும்தான் ரயில் திரும்பியது. ஒரே பாதை இரண்டு முறை கைவிடப்பட்டு இரண்டு முறை உயிர் பெற்றது அரிது.

போடிக்கு மேலே மலையில் திரும்பி வராத பாதை ஒன்று உண்டு. மூணாறு தேயிலையை இறக்க 1902-இல் மாடுகள் இழுக்கும் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடத் தொடங்கியது. 1908-இல் அது குறும்பாதை ரயிலாக மாறி, குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்வே எனப்பட்டது. மூணாறிலிருந்து மலை விளிம்பிலுள்ள டாப் ஸ்டேஷன் வரை ரயில். அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி தேயிலைப் பெட்டிகள் கீழே கொட்டகுடிக்கு இறங்கும். கொட்டகுடியிலிருந்து போடிக்கும், போடிக்கு ரயில் வராத அந்தக் காலத்தில் அம்மையநாயக்கனூர் நிலையத்துக்கும் வண்டிப் பயணம். இன்று கொடைக்கானல் ரோடு என்று அழைக்கப்படும் அந்த நிலையம் திண்டுக்கல்–மதுரைப் பாதையில் இருக்கிறது. மூணாறுத் தேயிலை தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது அப்படித்தான். 1924 ஜூலையில் பெய்த பெருமழையின் வெள்ளம் மலைப் பாதையை அடித்துக்கொண்டு போனது. மீண்டும் போடவே இல்லை. போடிக்கு ரயில் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே அதற்குச் சரக்கு தந்திருக்க வேண்டிய மலை ரயில் போய்விட்டது. டாப் ஸ்டேஷனுக்குச் சுற்றுலா போகிறவர்களில் அந்தப் பெயரில் இருப்பது உண்மையான ரயில் நிலையம் என்று அறிந்தவர் குறைவு.

தனுஷ்கோடி

கைவிடப்பட்ட நிலையம் என்றதும் தமிழர் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது தனுஷ்கோடி. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, ரயில் ராமேஸ்வரம் தீவின் முனைவரை போனது. எழும்பூரில் ஒரே சீட்டு வாங்கினால் கொழும்பு வரை போகலாம்: தனுஷ்கோடி வரை போட் மெயில், அங்கிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல், மறுகரையில் இலங்கை ரயில். துறைமுகம், சுங்க அலுவலகம், தபால் நிலையம், மாதா கோயில், ரயில்வே குடியிருப்பு என்று மணல்திட்டின்மேல் ஊர் வளர்ந்தது. அப்போது பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனதுதான் முதன்மைப் பாதை. ராமேஸ்வரத்துக்குப் பிரிந்தது கிளை.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் கடல் ஊருக்குள் ஏறியது. பாம்பனிலிருந்து புறப்பட்டு தனுஷ்கோடியை நெருங்கிக்கொண்டிருந்த 653-ஆம் எண் பாசஞ்சர் ரயிலைப் பேரலை மூடியது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாம்பன் பாலத்தின் பெரும்பாலான உத்தரங்கள் கடலில் விழுந்தன. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சரிசெய்யப்பட்டது. அந்த வேகம் ராமேஸ்வரத்தோடு நின்றது. தனுஷ்கோடி மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்துவிட்டதால் அங்கே போகும் பாதையை யாரும் திரும்பப் போடவில்லை. கிளையாக இருந்த ராமேஸ்வரம் முனையமானது. முனையமாக இருந்த தனுஷ்கோடி வரைபடத்திலிருந்து விலகியது.

நிலையத்தின் சுவர்களும் தண்ணீர்த் தொட்டியும் மாதா கோயிலின் பவளக்கல் சுவர்களும் இன்னும் நிற்கின்றன. 2017-இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்ததும் பார்க்க வருவோர் பெருகினார்கள். பலர் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். அங்கே இறந்தவர்களில் பெயர் தெரியாதவர்களே மிகுதி. அந்த இடத்தில் கொஞ்சம் அமைதி காப்பது நாம் அவர்களுக்குச் செய்யக்கூடிய குறைந்தபட்ச மரியாதை. ராமேஸ்வரம்–தனுஷ்கோடி ரயில் பாதைக்கு 2019-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. மணலும் கடலும் சேர்ந்த அந்த நிலத்தில் பாதை வேண்டுமா என்ற எதிர்ப்பும் உடனே எழுந்தது.

மீட்டர் கேஜின் முடிவு

மற்ற நிலையங்கள் சத்தமில்லாமல் போனவை. உள்ளாட்சி அமைப்புகளின் பணத்தில் ரயில் போட்டதில் தஞ்சாவூர் ஜில்லா போர்டு முன்னோடி. நிலவரியோடு வசூலித்த தனித் தீர்வையை அது பாதைகளில் போட்டது. ஆனால் டெல்டாவில் சாலைகள் நன்றாகி, அரைமணிக்கு ஒரு பேருந்து ஓடத் தொடங்கியதும் நாளுக்கு ஓரிரு முறை வரும் ரயிலுக்குக் காத்திருக்க ஆளில்லை. நீடாமங்கலம்–மன்னார்குடி பாதை 1915-இல் திறந்து 1976-இல் மூடப்பட்டது. 2011-இல் அகலப் பாதையாகத் திரும்ப வந்தது. பேரளம்–காரைக்கால் பாதை 1898-இல் திறந்து 1980-களில் மூடப்பட்டது. புதிய பாதையில் 2025-இல்தான் சோதனை ஓட்டம் நடந்தது. மயிலாடுதுறை–தரங்கம்பாடி பாதை 1926-இல் வந்து 1986-இல் போனது. அது இன்னும் திரும்பவில்லை.

1992-இல் தொடங்கிய ஒரே அகலத் திட்டம், எஞ்சிய மீட்டர் கேஜ் பாதைகளை ஒவ்வொன்றாக மூடி மாற்றியது. ஊர்களுக்கு அதில் நன்மை இருந்தது, மறுக்க முடியாது. இழந்ததைப் பதிவு செய்ய யாரும் நேரம் ஒதுக்கவில்லை என்பதே குறை. பழைய ஓட்டுக் கட்டடங்கள் இடிந்தன; கைகாட்டி மரங்கள் பழைய இரும்பாக எடைக்குப் போயின.

 

தேடிப் பார்த்தல்

மறைந்த பாதையைக் களத்தில் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உதவும். வயல்களுக்கு நடுவே வளையாமல் நேராக ஓடும் கரைமேடு, வாய்க்கால்மேல் செங்கல் வளைவுச் சிறுபாலம், ஊருக்கு வெளியே தனியாக நிற்கும் புளிய, வேப்ப மரக் கூட்டமும் கிணறும் இருந்தால் அங்கே நிலையம் இருந்திருக்கலாம். நீராவி இன்ஜின்களுக்குத் தண்ணீர் தந்த தொட்டியின் தூண்கள் கட்டடத்தைவிட நீண்ட காலம் நிற்கின்றன. பெயர்த்த தண்டவாளங்கள் வேலிக் கம்பமாகவும் வீட்டு உத்தரமாகவும் மாறியிருக்கும். அவற்றின் பக்கவாட்டில் உருக்காலையின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டிருப்பதால், பாதை எப்போது போடப்பட்டது என்று ஊகிக்கலாம். அகலப் பாதையாக மாறிய நிலையங்களிலும் ஒரு தடயம் உண்டு. மீட்டர் கேஜ் நடைமேடை தாழ்வானது. புதிய நடைமேடையை உயர்த்தியதும் பழைய கட்டடத்தின் தளம் பள்ளத்தில் இருப்பதுபோல் தெரியும்.

ஆவணங்களில் டபிள்யூ. பிரான்சிஸ் எழுதிய 1906-ஆம் ஆண்டு மதுரை மாவட்ட கெஜட்டியரும், எஃப். ஜே. ரிச்சர்ட்ஸ் எழுதிய 1918-ஆம் ஆண்டு சேலம் கெஜட்டியரும் பயனுள்ளவை. அன்று திண்டுக்கல் மதுரை மாவட்டத்தில் இருந்ததால் முதலாவது நூல் அய்யலூர் வட்டாரத்துக்கும் பொருந்தும். திருச்சியில் 2014-இல் திறந்த ரயில் அருங்காட்சியகத்தில் பழைய கருவிகளைக் காணலாம். ரயில் ஓடாவிட்டாலும் ரயில்வே நிலத்தில் அனுமதியின்றி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி குற்றம். இடிந்த கூரையின் கீழ் நிற்பது அதைவிட ஆபத்து.

கட்டடங்களைவிட அவசரமானது ஆட்களின் நினைவு. ஒற்றைப் பாதையில் இரு ரயில்கள் எதிரெதிரே வராதபடி காத்தது பந்து டோக்கன். அடுத்த நிலையத்தின் சம்மதம் கிடைத்தால்தான் கருவியிலிருந்து அது வெளியே வரும்; வளையத்தில் மாட்டி ஓடும் ரயிலின் டிரைவருக்கு நீட்டிக் கொடுப்பார்கள். அதைச் செய்த போர்ட்டர்களும் பாயிண்ட்ஸ்மேன்களும் கேங்மேன்களும் ஓய்வுபெற்று முதுமையில் இருக்கிறார்கள். 1941-இல் நின்ற ஓசூர் ரயிலில் ஏறியவர்கள் இன்று அநேகமாக இல்லை. 1986-இல் தரங்கம்பாடிப் பாசஞ்சரில் ஏறிய சிறுவர்களுக்கோ இப்போதுதான் ஐம்பது வயது ஆகிறது. பதிவு செய்யப் புறப்படுவோர் முதலில் போக வேண்டியது மயிலாடுதுறை–தரங்கம்பாடிப் பாதையோர ஊர்களுக்கு.