வதந்தியும் காவலும்

ஒருவன் கறுப்பாக வாந்தி எடுத்தான் என்ற செய்தி, ஊரைச் சுற்றி வருமுன் காகம் காகமாக வாந்தி எடுத்தான் என்று ஆகிவிடும் என்பர் எம் முன்னோர். அன்று வதந்தி நடந்து சென்றது; இன்றோ கைத்தொலைபேசியில் ஏறிக் கணப்பொழுதில் நாடெங்கும் பரவுகின்றது. அதனால் விளைந்த கேட்டையும், அதற்குத் தேடிய பரிகாரத்தையும் எமது நாட்டு வரலாற்றிலிருந்தே ஆராய்வோம்.

2018ஆம் ஆண்டு பெப்ரவரி 26ஆந் திகதி இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையிலே உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்படுகின்றது என்று பழி எழுந்தது. கடைக்காரரை மடக்கி எடுத்த படம் முகநூலிற் பரவியது. கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. சில நாளில், கண்டிப் பகுதியில் வேறொரு சண்டையில் அடியுண்ட சிங்களச் சாரதி ஒருவர் இறந்தார். அத்துயரோடு வதந்தியும் வன்மமும் சேர, திகனவில் வீடுகள் எரிந்தன. எரிந்த வீட்டினுள் முஸ்லிம் இளைஞர் ஒருவர் மாண்டார். மார்ச் 6இல் அவசரகால நிலை பிரகடனமாயிற்று. மறுநாள் முடக்கப்பட்ட முகநூல் ஒரு வாரத்தின் பின்னரே திறக்கப்பட்டது. மாத்திரை என்று சொல்லப்பட்டதை அரசாங்கப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது, அது வெறும் மாவுக்கட்டி!

எச்சரிக்கை இல்லாமலில்லை. முகநூலிற் பரவும் பகைமைப் பேச்சைப்பற்றி மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014இலேயே ஆய்வு வெளியிட்டிருந்தது. ஆயினும் சிங்களம் அறிந்த பரிசீலகர் கம்பனியிடம் போதியளவு இருக்கவில்லை. 2020 மே மாதத்திலே அக்கம்பனி மன்னிப்புக் கேட்டது.

2018இன் பின்னர், ஏ.எப்.பி. செய்தி நிறுவனம், பக்ட் கிரசெண்டோ ஆகியன இலங்கைக்கான பங்காளிகளாயின. இவை ஒரு பதிவைப் பொய்யெனக் கண்டால், அதன்மேல் எச்சரிக்கை இடப்படும், பரவல் குறைக்கப்படும், பகிர்ந்தவருக்கும் அறிவிக்கப்படும். வாட்ஸப்பும் 2019 ஜனவரியில், ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து இடங்களுக்கு மேல் முன்னனுப்பலாகாது என உலகெங்கும் வரம்பிட்டது.

இவை நன்றே. எனினும் 2025 ஜனவரியில் முகநூற் கம்பனி அமெரிக்காவில் இப்பங்காளி முறையைக் கைவிடுவதாக அறிவித்தது. பிறர் வைத்த காவல் பிறர் விருப்பப்படி நீங்கும் என்பதற்கு இதுவே சான்று. மேலும், வாட்ஸப்பில் இருவர் பரிமாறுவதை எந்தப் பரிசோதகரும் எட்டிப்பார்த்தல் இயலாது. அங்கே காவல் நாமே.

இளைஞர்காள்! சைவரும் கத்தோலிக்கரும் இஸ்லாமியரும் அடுத்தடுத்து வாழும் மன்னார் எமது மண். வங்காலைக் கரையிலே காற்றைப் பாராது தோணி இறக்குவார் உளரோ? அவ்வாறே, யார் சொன்னது, எப்போது நடந்தது, யாருக்குக் கேடு என்று விசாரியாது எச்செய்தியையும் முன்னனுப்பாதிருப்போம். எமது விரல் ஒரு கணம் தாமதித்தால், அயலவர் வீடு எரியாது நிற்கும்.