அறுபது நாள் நோட்டீஸ்

கனடாவின் மேற்குக் கோடியில், பசிபிக் கடலை ஒட்டி இருக்கும் மாகாணம் பிரிட்டிஷ் கொலம்பியா. 1900களின் தொடக்கத்தில் அங்கே கடலோரத்திலோ ஆற்றங்கரையிலோ அரசு நிலம் வாங்குவது அப்படியொன்றும் கஷ்டமில்லை. போய் ஒரு மூலையில் மரக்கம்பம் நட்டு, அதில் நோட்டீஸ் மாட்ட வேண்டும். மாகாண கெஜட்டிலும் அந்த வட்டாரச் செய்தித்தாளிலும் விளம்பரம் கொடுக்க வேண்டும். அப்புறம் 60 நாள் காத்திருக்க வேண்டும். நடுவில் யாரும் ஆட்சேபிக்காவிட்டால் விண்ணப்பம் மேலே நகரும்.

விளம்பரங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். இன்ன ஊர், இன்ன தொழில், இன்னார் விண்ணப்பிக்கப் போகிறார். இந்த ஆற்றங்கரையில் நட்ட கம்பத்தில் தொடங்கி வடக்கே 80 செயின், கிழக்கே 80 செயின், தெற்கே 80 செயின், பிறகு கரையை ஒட்டியே திரும்பி வந்து தொடங்கிய இடம். ஒரு செயின் 66 அடி (நம்ம ஊர் சர்வேயர்கள் இழுத்த அதே சங்கிலிதான்). 80க்கு 80 போட்டால் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். தொழில் என்ற இடத்தில்தான் வேடிக்கை. குமாஸ்தா, திருமணமான பெண், திருமணமாகாத பெண் என்றெல்லாம் இருக்கும். ஆளுக்கு இவ்வளவுதான் என்று சட்டம் உச்சவரம்பு வைத்ததால், ஒரே ஏஜென்ட் பல பேருக்காக வரிசையாகக் கம்பம் நட்டுக்கொண்டே போனார். பினாமி என்ற வார்த்தை அங்கே இல்லை, அவ்வளவுதான்.

நோட்டீஸ் என்பது நல்ல ஏற்பாடுதான், மறுக்க முடியாது. ஒரே இடத்துக்கு இரண்டு பேர் அடித்துக்கொள்ளாமல் இருக்க அது உதவியது. ஆனால் யாருக்கு நோட்டீஸ் என்று கேட்டால்தான் சிக்கல். அந்தக் கரைகளில் பல்லாயிரம் வருடமாகப் பூர்வகுடிகள் மீன் பிடித்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். வான்கூவர் தீவில் 1850 முதல் 1854 வரை போட்ட 14 சிறு ஒப்பந்தங்களையும் வடகிழக்கில் ஒரு பகுதியையும் விட்டால், மாகாணத்தின் மற்ற இடங்களில் அவர்களிடம் யாரும் நிலத்தை எழுதி வாங்கவே இல்லை. 1866ல் வந்த சட்டப்படி, கவர்னரின் சிறப்பு அனுமதி இல்லாமல் அவர்கள் மற்றவர்களைப் போல அரசு நிலத்துக்கு விண்ணப்பிக்கவும் முடியாது.

படிக்கத் தெரியாததால் ஏமாந்தார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அது முழு உண்மை இல்லை. நாஸ் ஆற்றங்கரையில் ஐயான்ஷ் என்ற நிஸ்கா கிராமத்தில் மிஷன் அச்சுக்கூடமே இருந்தது. நோட்டீஸைப் படித்து என்ன செய்வது? ஆட்சேபணை சொல்ல ஒரு உரிமை வேண்டும். அந்த உரிமையே இல்லை என்றுதான் மாகாண அரசு சொல்லிக்கொண்டிருந்தது.

பெரிய ஆட்களுக்கு இந்த 60 நாளும் கிடையாது என்பது இன்னொரு கதை. கிராண்ட் ட்ரங்க் பசிபிக் ரயில்வே கடலைத் தொடும் இடமாகக் கேயன் தீவைத் தேர்ந்தெடுத்தது. இன்றைய பிரின்ஸ் ரூப்பர்ட் நகரம் அங்கேதான் இருக்கிறது. 1904ல் மாகாண அரசு அங்கே 10,000 ஏக்கரை ஏக்கர் ஒரு டாலருக்குச் சத்தமில்லாமல் ஒதுக்கியது. கம்பமும் இல்லை, விளம்பரமும் இல்லை, அமைச்சரவை உத்தரவு மட்டும். விஷயம் கசிந்து 1906ல் சட்டமன்றக் குழு விசாரித்தது. ஆளுங்கட்சிக்குப் பெரும்பான்மை இருந்த குழு, தப்பு ஒன்றும் நடக்கவில்லை என்றது. (வேறு என்ன சொல்லும்?) ஒரு குமாஸ்தா தன் 640 ஏக்கருக்கு ஊரறியச் சொல்லிவிட்டு இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், ஒரு துறைமுக நகரமே கைமாறுவது ரகசியமாக நடக்கலாம்!

இதற்கிடையில் கம்பம் நடுபவர்கள் நாஸ் பள்ளத்தாக்குக்குள்ளும் வந்துவிட்டார்கள். நிஸ்கா மக்கள் செய்த காரியம்தான் இந்த வரலாற்றிலேயே அருமையான இடம். 1910ல் அவர்கள் தங்கள் பங்குக்கு ஒரு நோட்டீஸ் போட்டார்கள். அதுவும் சட்டத்தின் பாஷையிலேயே, 'ஆகையால், ஆகையால்' என்று அடுக்கிக்கொண்டு போகும் நடையில். சாரம் இதுதான்: இந்தப் பள்ளத்தாக்கின் ஆதிக் குடிகள் நாங்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் 1763 பிரகடனப்படி, நாங்கள் பொதுக்கூட்டத்தில் மன்னரின் பிரதிநிதிகளிடம் நிலத்தை ஒப்படைக்கும் வரை எந்தத் தனியாரும் எங்களிடமிருந்து அதை வாங்க முடியாது. இதுவரை நாங்கள் ஒப்படைக்கவில்லை. எனவே இங்கே நிலம் குறிக்கக் கூடாது.

வெள்ளைக்காரர் கெஜட்டில் போட்டால் அது சட்டப்படி அறிவிப்பு. நிஸ்கா போட்டால் அது கலகம். ஆனால் சட்ட ரீதியாக யோசித்தால், இரண்டில் கனமான நோட்டீஸ் நிஸ்காவினுடையதுதான். ஒன்று இனிமேல் கேட்கப்போகிற உரிமையைச் சொல்கிறது, மற்றது ஏற்கெனவே இருக்கிற உரிமையை.

அதை நிரூபிக்கத்தான் காலம் பிடித்தது. 1913ல் லண்டனுக்கு மனு அனுப்பினார்கள், பலனில்லை. 1927ல் மத்திய அரசு, நில உரிமை வழக்குகளுக்காகப் பூர்வகுடிகளிடம் அனுமதியில்லாமல் பணம் திரட்டுவதையே குற்றமாக்கியது. பணம் திரட்டாமல் வக்கீல் எப்படி வைப்பது? அந்தத் தடை 1951 வரை நீடித்தது. 1973ல் நிஸ்கா தலைவர் ஃபிராங்க் கால்டர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழில்நுட்பக் காரணத்தால் வழக்கு தோற்றாலும், காலனி ஆட்சி வருவதற்கு முன்பே பூர்வகுடிகளுக்கு நில உரிமை இருந்தது என்பதைப் பெரும்பான்மை நீதிபதிகள் ஏற்றார்கள். 2000 மே மாதம் நிஸ்கா ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்து, சுமார் 2,000 சதுர கிலோமீட்டர் அவர்கள் கைக்குத் திரும்பியது. கேட்டதில் சிறு பகுதிதான்.

பிறகு 2004ல் ஹைடா மக்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு படி போனது. நில உரிமைக் கோரிக்கை இன்னும் நிரூபிக்கப்படாமல் இருந்தாலும், அதைப் பாதிக்கக்கூடிய முடிவை எடுக்கும் முன் அரசு அந்த மக்களைக் கலந்தாலோசித்தே ஆகவேண்டும் என்றது. அந்தக் கடமையை விண்ணப்பதாரர் தலையில் தள்ளிவிட முடியாது என்றும் சொன்னது. அதனால் இன்று அங்கே கரையோர அரசு நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டால், விளம்பரம் மட்டும் போதாது. பாதிக்கப்படக்கூடிய பூர்வகுடி அரசுகளுக்கு நேரடியாகத் தகவல் போகிறது.