கேமராவை யாரும் உடைக்கவில்லை

2020 ஜூன் 28 அன்று, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுப்படி, கோவில்பட்டி நீதித்துறை நடுவர் பாரதிதாசன் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குப் போனார். ஜூன் 19 இரவு அந்த நிலையத்தில் வைக்கப்பட்டிருந்த ஜெயராஜும் அவருடைய மகன் பென்னிக்ஸும், 22, 23 தேதிகளில் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். நிலையத்தில் கேமரா இருந்தது. 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கும் இருந்தது. ஆனால் அன்றன்றைய பதிவு அன்றன்றே தானாக அழியும்படி செட்டிங் வைக்கப்பட்டிருந்தது. ஜூன் 19 இரவின் பதிவு இல்லை.

கேமராவை முடக்குவது என்றதும் கல்லால் அடிப்பது, துணியால் மூடுவது, வயரை அறுப்பது என்றுதான் நமக்குத் தோன்றும். அதெல்லாம் வெளியாள் செய்கிற வேலை; மாட்டிக்கொள்ளவும் செய்வான். சாவி யார் கையில் இருக்கிறதோ அவருக்கு இந்தச் சிரமம் எதுவும் கிடையாது. செட்டிங்கை மாற்றினால் போதும். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில்தான் காவல் நிலையக் கேமராவின் வரலாறு அடங்கியிருக்கிறது.

ஜெயராஜும் பென்னிக்ஸும் தலித்துகள் அல்ல. அப்படியிருக்க இதை ஏன் இங்கே எழுதுகிறேன் என்று கேட்கலாம். 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு. சிறையில் இருப்பவர்களிலோ ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். அந்தச் சிறைக்குப் போகிற வழி காவல் நிலையம். அங்கே என்ன நடந்தது என்பதற்கு யார் சாட்சி என்ற கேள்வி, மற்ற யாரையும்விட நமக்கு நெருக்கமானது.

கேமராவுக்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். 1993இல் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட குறவர் சமூகத்து ராஜாக்கண்ணு திரும்பி வரவில்லை. தப்பி ஓடிவிட்டார் என்றது காவல்துறை. 'ஜெய் பீம்' படத்தின் மூலக்கதை இதுதான். அன்று நிலையத்துக்குள் நடந்ததற்கு ஒரே எழுத்துப் பதிவு காவல்துறையின் பதிவேடு. அதற்கு எதிராக நின்றது அவருடைய மனைவி பார்வதியின் சொல். அந்தச் சொல்லை நீதிமன்றம் நம்புவதற்கு ஆண்டுக்கணக்கான போராட்டம் தேவைப்பட்டது.

அதே காலத்தில் உச்ச நீதிமன்றத்தில் வேறொரு வழக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றை நடத்திய டி.கே. பாசு, காவல் மரணங்கள் பற்றி 1986இல் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார். அது வழக்காக ஏற்கப்பட்டு 1996 டிசம்பரில் தீர்ப்பானது. கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று 11 கட்டளைகள் வந்தன. எல்லாமே காகிதத்தில் எழுதப்பட வேண்டியவை. எழுதுகிறவர் யார்? அதே காவலர்.

காகிதம் போதவில்லை என்பதை நீதிமன்றமே 2015இல் ஒப்புக்கொண்டது. அதே பாசு வழக்கில், எல்லாச் சிறைகளிலும் சிசிடிவி பொருத்த வேண்டும், காவல் நிலையங்களிலும் பொருத்துவது பற்றி மாநிலங்கள் பரிசீலிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. 'பரிசீலிக்க' என்ற சொல் எதற்கு உதவும் என்று நமக்குத் தெரியும். ஐந்து வருடம் கழித்துச் சாத்தான்குளம் நடந்தது.

அதே 2015இல்தான் கோகுல்ராஜ் கொல்லப்பட்டார். ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலுக்குத் தோழியுடன் போன அந்தத் தலித் பட்டதாரி, மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். தற்கொலை என்று முடித்திருக்கக்கூடிய வழக்கு அது. ஆனால் கோயில் கேமராவில் அவர் பதிவாகியிருந்தார். யுவராஜும் கூட்டாளிகளும் பதிவாகியிருந்தார்கள். விசாரணையில் முக்கியச் சாட்சி பிறழ் சாட்சியானார். உயர் நீதிமன்றத்தில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டியபோதும் அதில் இருப்பது தான் அல்ல என்றார். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். சாதிக்குள் வாழ வேண்டியவர்மீது என்ன அழுத்தம் இருந்திருக்கும் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கேமரா பிறழவில்லை. பதிவின் நம்பகத்தன்மையை எதிர்த்தரப்பு கேள்வி கேட்டபோது, 2023 ஜனவரியில் உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் நேரில் கோயிலுக்கே போய்க் கேமராக்கள் இருந்த இடங்களைப் பார்வையிட்டார்கள். 2022இல் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் யுவராஜுக்கு விதித்த ஆயுள் தண்டனை 2023 ஜூனில் உறுதியானது. இத்தனைக்கும் பின்னால் தாய் சித்ராவின் எட்டு வருடப் போராட்டம் இருக்கிறது.

அங்கே பதிவு நின்றது, இங்கே ஏன் நிற்கவில்லை? திருச்செங்கோட்டில் குற்றம் செய்தவர்கள் கையில் பதிவுப் பெட்டி இல்லை. சாத்தான்குளத்தில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் மேசைக்குப் பக்கத்திலேயே அது இருந்தது. சாத்தான்குளத்திலேயே இன்னொரு கேமராவும் உண்டு. பென்னிக்ஸின் செல்போன் கடைக்கு அருகில் இருந்த கேமரா அது. இருவரும் தரையில் உருண்டு ரகளை செய்தார்கள், அதில் காயம் பட்டது என்று முதல் தகவல் அறிக்கை சொன்னது. கடைத்தெருப் பதிவில் அப்படி எதுவும் இல்லை. தெருக் கேமரா பேசியது, நிலையக் கேமரா பேசவில்லை. நிலையத்துக்குள் நடந்ததைச் சொன்னவர் தலைமைக் காவலர் ரேவதி. இயந்திரம் வாய் மூடிய இடத்தில் ஒரு மனுஷி வாய் திறந்தார்.

2020 டிசம்பர் 2 அன்று, பரம்வீர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே பேசியது. தோழர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய தீர்ப்பு இது. நுழைவாயில், லாக்கப், தாழ்வாரம், வரவேற்பிடம், ஆய்வாளர் அறை, நிலையத்தின் பின்புறம் என எந்த இடமும் விடுபடக் கூடாது. கழிப்பறைக்கு உள்ளே கூடாது, வெளியே வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும், குரலும் பதிவாக வேண்டும். பதிவு 18 மாதம் இருக்க வேண்டும். அந்த வசதி கிடைக்காவிட்டாலும் ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கேமரா வேலை செய்வதற்கு நிலையப் பொறுப்பு அதிகாரியே பொறுப்பு. காவலில் பலத்த காயமோ மரணமோ நேர்ந்தால், மனித உரிமை ஆணையமும் மனித உரிமை நீதிமன்றமும் பதிவை வரவழைக்கலாம். இவையெல்லாம் அந்தத் தீர்ப்பில் உள்ளவை.

அதன் பிறகு என்ன ஆனது? ஒரு வழி அடைபட்டால் அதிகாரம் இன்னொரு வழியைக் கண்டுபிடிக்கும். 2025 ஜூனில் சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் அடித்துக் கொல்லப்பட்டது நிலையத்துக்குள் அல்ல. நகை காணவில்லை என்ற புகாரில் அவரைப் பல இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். கோயிலுக்குப் பின்னால் வைத்து அடித்தார்கள். கேமராவைத் தொடவே வேண்டாம். கேமரா இல்லாத இடத்துக்கு ஆளை நகர்த்தினால் போதும். அங்கும் ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்த சில விநாடிக் காட்சிதான் உண்மையை வெளியே கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், காவல் நிலையங்களில் கேமராக்கள் இயங்காதது பற்றி உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. ஐந்து வருடத்துக்கு முன் தான் போட்ட உத்தரவுக்காக நீதிமன்றமே மறுபடி வழக்குப் போட வேண்டியிருந்தது.

ஆகவே, ஒரு காவல் வன்முறைச் செய்தி வந்தால் முதல் நாளிலேயே நாம் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஹார்ட் டிஸ்க் நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறும். கடை, கோயில், பெட்ரோல் பங்க் கேமராக்களில் பல சில வாரங்களைக்கூடத் தாங்காது. ஒரு வழக்கில் எங்கள் ஊர்க் குடும்பம் ஒன்று காரியம் முடித்து, மனு எழுதி, ஆள் பிடித்து, இருபத்தைந்தாம் நாள் ஒரு கடைக்காரரிடம் போய் நின்றது. "நேத்து வரைக்கும் இருந்துச்சும்மா" என்றார் அவர். பொய் சொல்லவில்லை. அந்த ஒரு நாளை நினைத்து அந்த அம்மா இன்றும் அழுகிறார்.

எனவே போராட்டத்துக்கு ஆள் திரட்டும்போதே, எந்தத் தேதி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எந்தக் கேமரா என்று குறிப்பிட்டுப் பதிவைப் பாதுகாக்கக் கோரும் மனுவை எழுத ஒருவரை உட்கார வையுங்கள். காவல் கண்காணிப்பாளர், நடுவர், மனித உரிமை ஆணையம் மூவருக்கும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். பிறகு "அழிந்துவிட்டது" என்று பதில் வந்தால், மனு கிடைத்த பின்பும் ஏன் அழிந்தது என்று அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நகல் எடுத்தால் சான்றிதழ் அவசியம். முன்பு சாட்சியச் சட்டம் 65பி, 2024 ஜூலையிலிருந்து புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு. வாட்ஸப்பில் சுற்றிய காட்சி மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது.

கேமரா நம் நண்பன் என்று நான் சொல்லவில்லை. சேரி முனையில் நம்மைப் பார்ப்பதற்கு வைத்த கேமரா என்றைக்கும் பழுதாவதில்லை. லாக்கப் முன்னால் அவர்களைப் பார்ப்பதற்கு வைத்த கேமராதான் பழுதாகிறது. பதிவுப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்கப் பழகுவோம். பார்வதியும் சித்ராவும் ரேவதியும் நமக்குக் கற்றுத்தந்தது, எந்தப் பதிவும் மனிதர்கள் விடாமல் பிடித்துக்கொண்டால்தான் சாட்சியாகும் என்பதைத்தான்.

ஜெய் பீம்.