லூப்பில் கேட்கும் 'டிக்': ஒரு சின்ன வரலாறு



கணினியில் இசையமைக்கப் பழகும் பழைய மாணவர்கள் இருவர் ஒரே சந்தேகத்தைக் கேட்டிருந்தார்கள். "ஐயா, ஒரு ஒலித்துண்டை லூப் போட்டால் ஒவ்வொரு சுற்றிலும் 'டிக்' என்று கேட்கிறது. சாஃப்ட்வேர் கோளாறா?" பெரும்பாலும் இல்லை. இந்தச் சிக்கல் கணினிக்கும் முந்தையது. வரலாறு சொல்லிக்கொடுத்தவன் என்பதால் அந்த வழியிலேயே பதில் சொல்கிறேன்.

1948, பாரிஸ். பிரெஞ்சு வானொலியில் இருந்த பியர் ஷேஃபர், ரயில் ஓசைகளை இசைத்தட்டில் பதிந்து அவற்றைக் கொண்டே ஓர் இசைப்படைப்பு செய்தார். சாதாரணத் தட்டில் கோடு சுருள் சுருளாக உள்நோக்கிப் போகும். அவரோ கோட்டைத் தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து மூடினார். நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் தட்டில் ஒரு சுற்று ஏறக்குறைய 0.77 விநாடி. முள் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வரும். லூப் என்பது இதுதான். முடிவும் தொடக்கமும் சந்திக்கும் அந்த ஒட்டில்தான் எல்லாத் தொல்லையும்.

அடுத்து காந்த நாடா வந்தது. நாடாவை நேராக வெட்டி ஒட்டினால் ஒலி சட்டென்று மாறும். அதனால் சாய்வாக வெட்டினார்கள். சாய்வு வெட்டில் ஒரு பக்கத்து ஒலி தேயத் தேய, மறுபக்கத்து ஒலி வளரும். காது ஏமாந்துவிடும்.

கணினியில் ஒலி வெறும் எண் வரிசை. சி.டி. தரத்தில் விநாடிக்கு 44,100 எண்கள். துண்டின் கடைசி எண் 9,000, முதல் எண் கழித்தல் 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் ஒரே தாவலில் அங்கிருந்து இங்கே வர வேண்டும். அந்தத் தாவல்தான் 'டிக்'. ஆகவே அலை பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வெட்டுங்கள். அது மட்டும் போதாது. முடிவில் அலை மேல்நோக்கிக் கடந்தால், தொடக்கத்திலும் மேல்நோக்கியே கடக்க வேண்டும். அப்படியும் கேட்டால் கிராஸ்ஃபேட் போடுங்கள். அது பழைய சாய்வு வெட்டேதான்.

இன்னொரு வேடிக்கை. 1987-இல் ஜெர்மனியின் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அமிகா கணினிக்காக அல்டிமேட் சவுண்ட்டிராக்கர் என்ற மென்பொருளை எழுதினார். அமிகாவின் ஒலிச் சில்லுக்குத் தானாக நிற்கத் தெரியாது. துண்டு முடிந்ததும் மறுபடி வாசிக்கும். எனவே ஒருமுறை மட்டும் ஒலிக்க வேண்டிய துண்டு முடிந்ததும், அதன் முதல் இரண்டு எண்களையே ஓயாமல் சுற்றவிடுவார்கள். இரண்டும் பூஜ்யமானால் மௌனம். வெவ்வேறு எண்களானால் மெல்லிய கீச்சொலி! கருவி பழுதென்று எண்ணத் தோன்றும். காரணம் அந்த இரண்டு எண்கள்தான்.

சுருதி விலகுவதற்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரத்தின் ஓர் அலைக்கு 44,100-ஐ 440-ஆல் வகுத்தால் 100.23 எண்கள் வரும். எண்ணைப் பாதியில் வெட்ட முடியாது. 100 என்று வெட்டினால் ஸ்வரம் 441 ஹெர்ட்ஸாக ஏறிவிடும். தனியாகக் கேட்டால் தெரியாது. மற்ற கருவியோடு சேர்ந்தால் அலைபாயும். ஓர் அலைக்குப் பதில் 22 அலைகளை லூப்பாக எடுங்கள். சரியாக 2,205 எண்கள், மிச்சமே இல்லை.

ஆனால் எல்லாப் பிசகையும் துடைத்துவிட வேண்டும் என்பதில்லை. 1965-இல் அமெரிக்காவின் ஸ்டீவ் ரைக், ஒரு சாலையோரப் பிரசங்கியின் குரலை இரண்டு நாடா வளையங்களாக்கி இரண்டு இயந்திரங்களில் சேர்த்து ஓடவிட்டார். வேகத்தில் துளி வேறுபாடு. குரல்கள் மெல்ல விலகின. அவர் நிறுத்தவில்லை, கேட்டார். அந்த விலகலே ஒரு புது இசை முறையானது.

பிசகின் காரணம் தெரிந்தவருக்குத்தான் எதைத் திருத்துவது, எதை விட்டுவைப்பது என்று முடிவெடுக்க முடியும். அதனால் கணினியைத் திட்டுவதற்கு முன் ஒட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். வேறு சந்தேகம் இருந்தால் கீழே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்