ஆயாக் கொட்டகையும் பால் டின்னும்

கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு ஒரு பாட்டி வந்தால் முதலில் என்ன கேட்பார் என்பது நமக்குத் தெரியும். "பிள்ளைக்குத் தலை நின்றுவிட்டதா? குப்புற விழுகிறதா?" என்பார். அடுத்த முறை வரும்போது, "உட்காருகிறதா? தவழ்கிறதா?" என்று விசாரிப்பார். தாய்சேய் நல மருந்தகத்தில் இருக்கும் தாதியும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்டுக் குழந்தையின் சுகாதாரப் புத்தகத்தில் குறித்துக்கொள்கிறார்.

இப்படிக் கேட்பதற்கு ஒருவர் அருகில் இருப்பது இன்று நமக்கு வெகு சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த நம் முன்னோரில் பல தாய்மாருக்கு அந்தத் துணை இல்லாத காலம் ஒன்று இருந்தது. குழந்தையை அருகிலிருந்து கவனிக்க ஆள் இல்லாமற்போனதால் எத்தனையோ உயிர்கள் போயின. அந்த நிலை எப்படி மாறியது என்பதே இன்றைய உரையின் பொருள்.

குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்கில் பார்ப்பது தமிழருக்குப் பழக்கமான ஒன்று. பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையே அதன்மேல் எழுந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்க சோழன்மீது பிள்ளைத்தமிழ் பாடினார். பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மை மீது பாடினார். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்பவை ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் பொதுவான ஏழு பருவங்கள். மாதக் கணக்கில் இலக்கண நூல்கள் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். பொதுவாகச் சொன்னால், ஒரு காலை மடக்கி, இரு கைகளையும் ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுகிற செங்கீரை ஐந்தாம் மாதத்தை ஒட்டியது. கை தட்டி விளையாடும் சப்பாணி ஒன்பதாம் மாதத்தை ஒட்டியது. தளர்நடை இட்டு வருக என்று அழைக்கும் வாரானை ஓராண்டை ஒட்டியது.

இந்தப் பாடல்களின் தலைவர்கள் கடவுளரும் அரசரும்தாம். என்றாலும் வீட்டுக் குழந்தையைப் பார்த்துப் பார்த்துத்தான் புலவர்கள் இந்தப் பருவங்களை வகுத்திருக்க வேண்டும். அந்த வீட்டில் தாய்க்கு உதவியாக மாமியார் இருந்தார், நாத்தனார் இருந்தார், பக்கத்து வீட்டுக் கிழவி இருந்தார்.

கடல் கடந்து மலாயாவுக்கு வந்த குடும்பங்களோ இந்த உறவுகளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தன. ஒப்பந்தக் கூலி முறை 1910ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணிகள் வழியாக ரப்பர்த் தோட்டங்களுக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். லயத்து வீட்டில் கணவனும் மனைவியும் மட்டும் இருப்பார்கள். இருவரும் வேலைக்குப் போனால்தான் பிழைப்பு நடக்கும்.

ரப்பர் மரத்தில் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக வடியும். வெயில் ஏறினால் வடிவது குறைந்துவிடும். ஆகவே பொழுது விடியுமுன் பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் போய்விட வேண்டும். மரம் சீவி, கோப்பைகளில் சேர்ந்த பாலைச் சேகரித்து, நிறுவைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து வீடு திரும்ப நண்பகல் ஆகிவிடும். அதுவரை கைக்குழந்தையை யார் பார்ப்பது?

இந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் ஆயாக் கொட்டகை. தோட்டத்தில் வாழ்ந்த மூத்தவர்கள் இந்தப் பெயரைக் கேட்டவுடன் தலையசைப்பார்கள். காட்டு வேலைக்குப் போக முடியாத வயதான பெண்மணி ஒருவர் அங்கே ஆயாவாக இருப்பார். உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். இருட்டு விலகுமுன்னே தாய்மார் தூங்குகிற குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து வந்து தொட்டிலில் போட்டுவிட்டு ஓடுவார்கள். மார்பில் பால் கட்டிக்கொண்டு வலிக்க வலிக்க மரம் சீவிய தாய்மார் எத்தனை பேர்! அந்த நேரத்தில் பிள்ளை தொட்டிலில் பசித்து அழுதுகொண்டிருக்கும்.

மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் பிள்ளைக் காப்பகமும் பள்ளிக்கூடமும் பேறுகால உதவியும் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்புகளாக இடம்பெற்றன. சட்டம் இருந்தது என்பதற்காக எல்லாத் தோட்டங்களிலும் கவனிப்பு ஒரே தரத்தில் இருந்தது என்று சொல்ல முடியாது. ஓர் ஆயா, பல குழந்தைகள். தொட்டிலை ஆட்டலாம், அழுகையை அடக்கலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எதிரில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கவோ, எந்தப் பிள்ளை எடை குறைகிறது என்று கவனிக்கவோ நேரம் ஏது? பல வீடுகளில் ஏழெட்டு வயது அக்காளே தம்பியை இடுப்பில் சுமந்தாள். அவளுடைய பள்ளிப் படிப்பு அத்துடன் நின்றது. இதுவும் அந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

தோட்டத்தில் நிலைமை இப்படி என்றால், சிங்கப்பூர் நகரத்தில் அது வேறு விதமாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒன்று ஓராண்டு நிறைவதற்குள் இறந்தது. சில ஆண்டுகளில் அதைவிட மோசமாகவும் இருந்தது. நெரிசலான கடைவீடுகள், சுத்தமற்ற நீர், பயிற்சி இல்லாத பிரசவம் ஆகியவை காரணங்கள். 1910ஆம் ஆண்டளவில் மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி தொடங்கியது. 1915இல் அவர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1924இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை பிரசவ மருத்துவமனையாயிற்று. 1966ஆம் ஆண்டில் அந்த ஒரே மருத்துவமனையில் 39,835 குழந்தைகள் பிறந்தன. அது உலகச் சாதனையாகப் பதிவாயிற்று.

நகருக்கு வெளியே கம்பத்து வீடுகளுக்கும் உதவி போய்ச் சேர வேண்டியிருந்தது. 1920களின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்கு வந்த ஐடா சிம்மன்ஸ் என்னும் பொதுச் சுகாதாரத் தாதி அந்தப் பணியை முன்னின்று நடத்தினார். தாய் மருந்தகத்துக்கு வரட்டும் என்று காத்திராமல் தாதிகள் வீடு தேடிப் போனார்கள். குழந்தையை எடை பார்த்தார்கள். குளிப்பாட்டும் முறையைக் காட்டினார்கள். அடுத்த வாரமும் வந்து பார்த்தார்கள்.

இனி, இந்த வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத ஒரு மருத்துவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயர் சிசிலி வில்லியம்ஸ். 1893இல் ஜமைக்காத் தீவில் பிறந்து, இங்கிலாந்தில் மருத்துவம் கற்று, ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டில், அதாவது இன்றைய கானாவில், பணிபுரிந்தார். உடல் வீங்கி, தோல் உரிந்து, முடி நிறம் மங்கி இறந்துகொண்டிருந்த குழந்தைகளை அங்கே கண்டார். அந்த ஊர்த் தாய்மார் அந்த நோய்க்கு வைத்திருந்த பெயரையே அவர் மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்னார். அதுதான் குவாஷியார்க்கர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து விலக்கப்பட்ட பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

இதைக் கேட்டவுடன் தமிழ்த் தாய்மாருக்கு ஒரு சொல் நினைவுக்கு வரும். சவலைப் பிள்ளை என்கிறோம் அல்லவா? அடுத்த பிள்ளை வந்துவிட்டதால் தாய்ப்பால் இழந்து மெலிந்து போன பிள்ளை அது. எங்கோ இருக்கும் ஆப்பிரிக்கத் தாய் கண்ட துயரத்தை நம் பாட்டிமாரும் கண்டு, அதற்குப் பெயரும் வைத்திருந்தார்கள்.

டாக்டர் வில்லியம்ஸ் 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டுச் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். இங்கே அவர் கண்டது வேறொரு கொடுமை. பால் டின் விற்கும் நிறுவனங்கள் தாதிபோல உடையணிந்த பெண்களை ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்பி, தாய்ப்பாலைவிட டின் பால் சிறந்தது என்று பிரசாரம் செய்துவந்தன. அந்தப் பாலோ சர்க்கரை சேர்த்துக் கெட்டியாக்கிய பால். அதில் சர்க்கரை மிகுதி. பிஞ்சு உடலுக்கு வேண்டிய சத்துகள் குறைவு. கொழுப்பு நீக்கிய வகையாக இருந்தால் வைட்டமின் ஏ இல்லாமல் குழந்தைக்குக் கண்பார்வையே போய்விடும். சுத்தமற்ற தண்ணீரில் கரைத்து, கழுவாத புட்டியில் கொடுத்தால் வயிற்றுப்போக்கு வந்து உயிருக்கே ஆபத்து. குழந்தைக்கு டின் பால் பழகியபின் தாய்க்குச் சுரப்பு நின்றுவிடும். பிறகு திரும்புவது எளிதன்று.

1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி கழகத்தில் அவர் உரையாற்றினார். உரைக்கு அவர் வைத்த தலைப்பு "பாலும் கொலையும்" என்பது. தவறான பிரசாரத்தால் நேரும் குழந்தை மரணங்களைக் கொலை என்றே கருத வேண்டும் என்று, ஊர்ப் பெரியவர்களும் வணிகர்களும் கூடியிருந்த சபையில் ஒளிவு மறைவின்றிச் சொன்னார். அந்தக் காலத்தில், அதுவும் அரசாங்கப் பணியில் இருந்த ஒரு பெண்மணி அப்படிப் பேசுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

அடுத்து போர் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபின் அவர் சாங்கிச் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். கெம்பெய்த்தாயின் காவலிலும் சில மாதங்கள் துன்புற்றார். அந்த முகாமில் உணவுப் பஞ்சம். டின் பால் வாங்க வழியே இல்லை. முகாமில் இருபது குழந்தைகள் பிறந்தன என்றும், இருபதும் தாய்ப்பால் குடித்தன, இருபதும் பிழைத்தன என்றும் அவர் பின்னாளில் சொல்லிவந்தார். 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தில் தாய்சேய் நலப் பிரிவின் முதல் தலைவரானார். தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கப்படும் பொருள்களின் விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் அனைத்துலக நெறிமுறை 1981இல் நிறைவேறியது. சிங்கப்பூரில் அவர் குரல் கொடுத்து அப்போது 42 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த நெறிமுறையைக் கண்ணால் பார்த்தபின்னரே, 1992இல், அவர் மறைந்தார்.

போருக்குப்பின் மாற்றம் விரைந்து வந்தது. சிங்கப்பூரில் 1950இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 82 குழந்தைகள் ஓராண்டுக்குள் இறந்தன. 1970இல் அது சுமார் 20 ஆகக் குறைந்தது. இன்று இரண்டை ஒட்டி நிற்கிறது. மலாயா விடுதலை பெற்ற 1957இல் அங்கே அந்த எண்ணிக்கை சுமார் 75. இன்று மலேசியாவில் ஒற்றை இலக்கம். குடிநீர், தடுப்பூசி, பயிற்சி பெற்ற தாதிகள், கிராமச் சுகாதார நிலையங்கள் எல்லாம் சேர்ந்து செய்த வேலை இது.

குழந்தைகள் பிழைக்கத் தொடங்கியபின், அவர்கள் எப்படி வளர்கிறார்கள் என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்டு கெசல் என்பவர் 1911இல் ஒரு குழந்தை ஆய்வு நிலையம் தொடங்கி, பின்னர் குழந்தைகளின் அசைவுகளைப் படமெடுத்து மாத வாரியாக அட்டவணைப்படுத்தினார். 1967இல் டென்வர் நகர மருத்துவர்கள் எளிய சோதனை முறை ஒன்றை வெளியிட்டார்கள். அது பின்னர் சிங்கப்பூர்க் குழந்தைகளுக்கு ஏற்பவும் அமைக்கப்பட்டது.

2006இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து ஓர் அளவை வெளியிட்டது. அதன்படி, பிடிமானம் இல்லாமல் உட்காருவது ஏறக்குறைய நான்காம் மாதம் முதல் ஒன்பதாம் மாதம் வரை எப்போதும் நிகழலாம். தனியாக நடப்பது எட்டு மாதத்துக்குச் சற்றுப் பின்னிருந்து பதினேழரை மாதம் வரை நிகழலாம். நூற்றுக்கு நான்கு குழந்தைகள் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடந்துவிட்டன. ஆகையால் பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடக்கிறதே என்று வருந்த வேண்டியதில்லை. ஆனால் ஒன்பது மாதம் கடந்தும் உட்காராத குழந்தை, பதினெட்டு மாதமாகியும் நடக்காத குழந்தை, ஓசைக்குத் திரும்பாத குழந்தை, கற்றுக்கொண்டதை இழக்கிற குழந்தை ஆகியோரைத் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மலேசியாவில் 1984இலும் சிங்கப்பூரில் 1988இலும் குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்குத் தனிச் சட்டங்கள் வந்தன. மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அளித்த 60 நாள் பேறுகால விடுப்பு 2023 முதல் 98 நாளாக உயர்ந்துள்ளது. ரப்பர்க் காட்டுக்கு ஓடிய தாய்க்கு அந்தச் சில வாரங்கள் கிடைத்திருந்தால் தொட்டிலில் அழுத பிள்ளையின் கதை வேறாக இருந்திருக்கும்.

நேயர்களே, இன்று தாய் அலுவலகத்துக்கோ தொழிற்சாலைக்கோ போகிறார். குழந்தை பராமரிப்பு நிலையத்திலோ, பாட்டியிடமோ, பணிப்பெண்ணிடமோ இருக்கிறது. ஆயாக் கொட்டகையில் எழுந்த கேள்வி இன்னும் இருக்கிறது: பகல் முழுதும் இந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறவர் யார்? மாலையில் பிள்ளையைத் தூக்கிக்கொள்ளும்போது, பார்த்துக்கொண்டவரிடம், "இன்று எத்தனை முறை குடித்தது? புதிதாக என்ன செய்தது?" என்று தவறாமல் கேளுங்கள். சுகாதாரப் புத்தகத்தில் அதைக் குறித்து வையுங்கள். அந்தக் காலத்துத் தாய்க்குக் கேட்க நேரமும் இல்லை, குறிக்கப் புத்தகமும் இல்லை. நமக்கு இரண்டும் இருக்கின்றன.