பஞ்சத்தில் தேறிய பிள்ளைகள்

லண்டனில் ஒரு குழந்தை. வயிறு பானை மாதிரி, கையும் காலும் குச்சி. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. வெளிறிப்போய், நாற்றமெடுத்து, நாளுக்குப் பல தடவை பேதி. நம்மூரில் சவலைப் பிள்ளை என்பார்களே, அந்த ரகம். என்னென்னவோ கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் தினமும் ஒரு லிட்டர் அளவுக்கு ஹாலந்து சிப்பி கொடுத்தார்கள். ஆமாம், கடலில் கிடைக்கிற அதே சிப்பிதான். குழந்தை மளமளவென்று தேறிவிட்டது. சிப்பி சீசன் முடிந்தது. வியாதி திரும்ப வந்துவிட்டது. அடுத்த சீசனுக்குச் சிப்பியை நீட்டினால் குழந்தை வாயைத் திறக்கவே மாட்டேன் என்றுவிட்டது. யார்தான் திறப்பார்கள்?

இதைச் சொன்னவர் டாக்டர் சாமுவேல் கீ. 1887ல், லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் நிகழ்த்திய உரையில். சீலியாக் என்கிற வியாதியைப் பற்றிய முதல் தெளிவான நவீன வர்ணனை அதுதான். பெயர் மட்டும் பழசு. சுமார் 1,800 வருஷங்களுக்கு முன்னால் அரிட்டேயஸ் என்கிற கிரேக்க வைத்தியர் வயிற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வைத்தது.

கீ ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்தார். இது குணமாவதாக இருந்தால் சாப்பாட்டால்தான் குணமாகும், மருந்தால் அல்ல. அதற்கப்புறம்தான் சறுக்கல். எந்தச் சாப்பாடு? அரிசி கூடாது, ஜவ்வரிசி கூடாது என்று தள்ளிவைத்தார். மெல்லிசாக வெட்டி இரண்டு பக்கமும் நன்றாக வாட்டிய பிரெட்டை அனுமதித்தார். அதாவது, ஒரு பாவமும் அறியாத அரிசி உள்ளே; குற்றவாளிக்கு ஜாமீன்!

அந்த ஜாமீன் ரொம்ப காலம் ரத்தாகவில்லை. 1924ல் நியூயார்க்கின் சிட்னி ஹாஸ் ஒரு கட்டுரை எழுதினார். பத்து சீலியாக் குழந்தைகள். எட்டு பேருக்கு வாழைப்பழத்தை மையமாக வைத்துச் சாப்பாடு. எட்டு பேரும் பிழைத்தார்கள். வாழைப்பழம் கொடுக்கப்படாத இரண்டு பேர் இறந்துபோனார்கள். உலகமே வாழைப்பழத்தைக் கொண்டாடியது. ஹாஸுக்கு இந்த யோசனை வந்த விதம்தான் சுவாரசியம். போர்ட்டோ ரிக்கோ தீவில், பிரெட் தின்கிற நகரவாசிகளுக்கு இதே மாதிரி வயிற்று நோய் வருகிறது, பெரும்பாலும் வாழைப்பழத்திலேயே காலம் தள்ளுகிற விவசாயிகளுக்கு வருவதில்லை என்று அவர் கவனித்திருந்தார். இதிலிருந்து உங்களுக்கும் எனக்கும் என்ன தோன்றும்? பிரெட்டில் ஏதோ கோளாறு என்று. அவருக்குத் தோன்றியது, வாழைப்பழத்தில் ஏதோ மகிமை என்று. கண்முன்னால் இருந்த விடையைத் தலைகீழாகப் படித்துவிட்டார். பிள்ளைகள் பிழைத்தது வாழைப்பழம் உள்ளே போனதால் அல்ல, பிரெட் உள்ளே போகாததால்.

குறை சொல்லிப் பயனில்லை. நூற்றுக்கணக்கான உயிர்களைக் காப்பாற்றிய மனுஷன். ஆனால் உடம்பு தேறியதும் வியாதி போய்விட்டது என்று எண்ணிப் பிள்ளைகள் பழையபடி பிரெட்டுக்குத் திரும்பினார்கள். உள்ளே குடல் சத்தமில்லாமல் கெட்டுக்கொண்டே இருந்தது.

இப்போது நெதர்லாந்து. வில்லெம் கரெல் டிக்கே. 1936ல், முப்பத்தோரு வயதில், ஹேக் நகரத்து ஜூலியானா குழந்தைகள் மருத்துவமனைக்கு இயக்குநரானவர். அவரிடம் ஒரு இளம் தாய் ஒரு விஷயம் சொன்னாள். சீலியாக் இருக்கிற என் பிள்ளைக்கு பிரெட்டை நிறுத்தினால் தோலில் வருகிற தடிப்பு மட்டுப்படுகிறது டாக்டர். அவ்வளவுதான். மடியில் வைத்துக்கொண்டு தினமும் பார்க்கிறவள் சொன்ன ஒரு வாக்கியம். வேறு டாக்டராக இருந்தால், அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம்மா என்று அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார். டிக்கே காது கொடுத்தார். கோதுமை இல்லாத சாப்பாட்டைக் கொடுத்துச் சோதிக்க ஆரம்பித்தார். 1941ல் டச்சு மொழியில் ஒரு கட்டுரையும் எழுதினார். ஊரே ஜெர்மானியர் பிடியில் இருந்த நேரம். யார் படிப்பார்கள்?

1944 செப்டம்பரில் டச்சு ரயில்வே ஊழியர்கள் நேச நாட்டுப் படைகளுக்கு உதவியாக வேலைநிறுத்தம் செய்தார்கள். பதிலுக்கு ஜெர்மானியர்கள் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போகிற வழியை அடைத்தார்கள். பிறகு தடையைத் தளர்த்தியபோது கால்வாய்கள் உறைந்து படகுகள் நின்றுவிட்டன. பசிக் குளிர்காலம் என்று டச்சுக்காரர்கள் இன்றைக்கும் சொல்வது அதைத்தான். ரேஷன் ஒரு ஆளுக்கு நாளைக்கு ஆயிரம் கலோரிக்குக் கீழே போய், 1945 தொடக்கத்தில் ஐந்நூறு வாக்கில் வந்து நின்றது. சர்க்கரைக் கிழங்கைத் தின்றார்கள். பூந்தொட்டியில் நட வைத்திருந்த ட்யூலிப் கிழங்கை வேகவைத்துத் தின்றார்கள். சுமார் இருபதாயிரம் பேர் செத்தார்கள்.

ஊரே வற்றிக்கொண்டிருந்தபோது டிக்கேயின் வார்டில் இருந்த சீலியாக் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். காரணம், பிரெட் இல்லை. பிறகு உதவிப் பொருள்கள் வந்தன. பிரெட் திரும்ப வந்தது. ஊர் எழுந்து உட்கார்ந்தது, இந்தப் பிள்ளைகள் மறுபடி படுத்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிற பலர், பஞ்சம்தான் டிக்கேயின் கண்ணைத் திறந்தது என்று முடித்துவிடுவார்கள். சினிமாவுக்கு நன்றாக இருக்கும். ஆனால் தேதியைப் பாருங்கள். கட்டுரை 1941. பஞ்சம் 1944. பஞ்சம் கண்டுபிடிக்கவில்லை, சாட்சி மட்டும் சொன்னது. கண்டுபிடிப்பு, ஒரு தாய் சொன்னதை ஒரு டாக்டர் நம்பியதில் ஆரம்பமானது.

சாட்சி போதாது, கணக்கு வேண்டுமே. போருக்குப் பிறகு வான் டி காமர் என்கிற வேதியியல் நிபுணர் சேர்ந்துகொண்டார். பி.காம். படித்த எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். வரவு, செலவு. குழந்தையின் உள்ளே போகிற கொழுப்பு எவ்வளவு, மலத்தில் வெளியே வருவது எவ்வளவு, தினமும் அளந்து எழுது. கோதுமை கொடுத்தால் கொழுப்பு ஒட்டாமல் வெளியேறுகிறது. நிறுத்தினால் கணக்கு டாலி ஆகிறது. அரிசி, சோளம், உருளைக்கிழங்கு எல்லாம் நிரபராதி. 1950ல் யூட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இது டிக்கேயின் ஆய்வேடாக வந்தது. ஒன்றை மறந்துவிடக்கூடாது. இதை நிரூபிக்க, தேறியிருந்த பிள்ளைகளுக்குத் தெரிந்தே மறுபடி கோதுமை கொடுக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு வரைபடத்திலும் ஏறுகிற கோடு, ஒரு குழந்தைக்கு வயிற்றுப்போக்கு.

1952ல் பர்மிங்ஹாம் மருத்துவர்கள் கோதுமை மாவை அலசி மாவுச்சத்தைத் தனியே பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மிச்சமிருந்த புரதம்தான் எதிரி. க்ளூட்டன். பரோட்டா மாஸ்டர் விசிறி அடிக்கும்போது மைதா மாவு கிழியாமல் விரிகிறதே, அந்த இழுவைதான் க்ளூட்டன். பார்லி, ரை தானியங்களிலும் இதன் பங்காளிகள் உண்டு. சீலியாக் உள்ளவருக்கு இது உள்ளே போனால் உடம்பின் காவல்படை தன் குடலையே தாக்குகிறது. 1956ல் மார்கோ ஷைனர் என்ற பெண் மருத்துவர், வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்க்க வழி செய்தார். 1997ல் இந்தத் தாக்குதலின் இலக்கு எந்த நொதி என்பது தெரிந்தது. இன்று அதற்கு எதிரான ரத்தப் பரிசோதனைதான் முதல் படி.

எதற்கு இத்தனையும் சொல்கிறேன்? டெல்லிக்கு மாற்றலாகிப் போன என் நண்பர் ஒருவரின் மகள். பேதி கிடையாது, ஒன்றும் கிடையாது. உயரம் மட்டும் நின்றுவிட்டது, ரத்தசோகை போகவே இல்லை. மூன்று வருஷம் இரும்புச்சத்து டானிக், பூச்சி மருந்து, புத்திமதி. சாப்பிடப் படுத்தறா டாக்டர் என்று அம்மா சொல்ல, எல்லாரும் அவளைத்தான் திட்டினார்கள். யாரோ சொன்னதைக் கேட்டு அம்மாவே இரண்டு மாதம் சப்பாத்தியை நிறுத்தினாள். பெண் முகத்தில் ரத்தம் ஓடியது. அதற்கப்புறம்தான் ஒரு டாக்டர், பரிசோதனை செய்யவேண்டும், அதுவரை சில வாரம் மறுபடி கோதுமை கொடுங்கள் என்றார். கோதுமையை நிறுத்தியிருந்தால் ரத்தத்திலும் குடலிலும் தடயம் மறைந்துவிடும், பரிசோதனை ஒன்றுமில்லை என்று பொய் சொல்லும். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம். இது தெரியாமல் பத்தியத்தை ஆரம்பிப்பவர்கள் ஏராளம். அந்தச் சில வாரம் எப்படிப் போயிற்று என்று நண்பர் சொல்லமாட்டார். நானும் கேட்பதில்லை. முடிவு, சீலியாக்.

2016ல் வெளியான ஒரு ஆய்வு, 23,331 பேரைச் சோதித்தது. இந்த நோயின் அடையாளம் ரத்தத்தில் வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்கு மேல். தெற்கே ஆயிரத்துக்கு ஒருவர். வடக்கே சராசரியாக நாளுக்கு 455 கிராம் கோதுமை, நம் பக்கம் 25 கிராம். பரம்பரைக் கூறு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். நாமோ இட்லியைக் குறைத்து சப்பாத்திக்கு மாறிக்கொண்டிருக்கிறோம்.

இந்த வியாதிக்கு மாத்திரை கிடையாது. ஆயுள் முழுக்கப் பத்தியம்தான். நண்பர் வீட்டில் பயப்படவில்லை. நாம அரிசிக்காரங்கதானே, இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், அப்புறம் என்ன? ஆறு மாதம் கழித்துப் பரிசோதித்தால் ரத்தத்தில் அளவு சரியாக இறங்கவில்லை. பிஸ்கட் இல்லை, ரவை இல்லை, சேமியா இல்லை. எங்கிருந்து வருகிறது?

நண்பரின் மனைவிதான் பிடித்தாள். அடுக்களையில் ஒவ்வொரு டப்பாவாக எடுத்துப் பொடி எழுத்தைப் படித்துக்கொண்டே வந்தவள் பெருங்காய டப்பாவில் நின்றாள். கூட்டுப் பெருங்காயம். கோதுமை மாவு சேர்க்கப்பட்டது. மூன்று வேளையும் தாளித்துக் கொட்டியது!

இப்போது அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்கள். மெட்ராஸிலிருந்து யாராவது டெல்லி போனால் நாலு டப்பா வாங்கி வரச்சொல்வார்கள். பெண் கல்லூரிக்குப் போகிறாள். அம்மா உயரத்தைத் தாண்டிவிட்டாள். யார் வீட்டுக்குப் போனாலும் சாம்பாரைத் தொடுவதற்கு முன்னால், மாமி, பெருங்காய டப்பாவைக் கொஞ்சம் காட்டறேளா என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறாள்.