நமதூர் மலர்களும் பாமினி எழுத்தும்



பள்ளிவாசல் சிறப்பு மலர், பாடசாலை ஆண்டு மலர், சங்க யாப்பு என்று நம்மவர்கள் தொண்ணூறுகளில் டைப் செய்தவை பல வீடுகளில் இன்னும் சீடிகளில் கிடக்கின்றன. திறந்தால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும்தான் தெரியும். பைல் பழுதாகிவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது பழுதல்ல.

அன்றைய கணினியில் தமிழுக்கென்று தனி இடம் இருக்கவில்லை. எனவே எழுத்துரு செய்தவர்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தார்கள். நமது நாட்டில் அதிகம் பரவிய பாமினியில் "தமிழ்" என்று அடித்தால், கணினி சேமிப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. பாமினி இருக்கும் கணினியில் அது தமிழாகத் தெரியும். இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்தாக நிற்கும். வேறு எழுத்துருக்களுக்கு வேறு வேறு வரிசைகள்.

1991இல் வந்த யுனிகோட் தமிழுக்குத் தனி இடம் கொடுத்தது. விண்டோஸ் 2000 அதை லதா எழுத்துருவோடு சாதாரணக் கணினிக்குக் கொண்டுவந்தது. ஆனால் விரல்கள் பாமினிக்குப் பழகிவிட்டன. அச்சகங்கள் நம்பியிருந்த பேஜ்மேக்கரும் யுனிகோட் தமிழுக்கு உதவவில்லை. 2001இல் வந்த ஏழாம் பதிப்போடு அந்த மென்பொருளும் நின்றது. அடோபி 1984இல் கொண்டுவந்த டைப் 1 எழுத்துருக்களை, 2023 ஜனவரியில் அந்த நிறுவனமே கைவிட்டது.

ஆகவே பழைய மலருக்கு மூன்று பூட்டுகள்: மென்பொருள், எழுத்துரு, எழுத்து வரிசை. திறக்கும் வழி இதுதான்:

1. மூலப் பைலைத் தொடாமல் முதலில் ஒரு பிரதி எடுங்கள்.
2. அதே சீடியில் எழுத்துருப் பைல்களும் இருக்கலாம். அவற்றையும் சேர்த்து வையுங்கள். டைப் 1 என்றால் விண்டோஸில் இரண்டு பைல்கள் சோடியாக இருக்கும்.
3. எந்த எழுத்துரு என்று தெரிந்த பிறகே யுனிகோட் மாற்றியில் போடுங்கள். இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் இருந்தால் அதுவும் பொருளற்ற தமிழாகிவிடும். அதைத் தனியே எடுத்து வையுங்கள்.
4. அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டு வாசியுங்கள். காற்புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் "இ" நிற்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நமது பெயர்களில் ஜ, ஷ, ஸ, ஹ அதிகம். அவற்றில் இரட்டைக் கவனம் தேவை.

பாடசாலைக்குக் காணியை வக்பு செய்தவர் யார், முதல் அதிபர் யார், கிடுகுக் கொட்டில் எந்த வருடம் கட்டடமானது? இதற்கெல்லாம் பல ஊர்களில் அந்த மலர்களைத் தவிர வேறு எழுத்து ஆதாரம் இல்லை. அதை டைப் செய்தவர்கள் நம்மிடையே இருக்கும்போதே கேட்டு, பார்த்து, மாற்றி வைப்போம். இன்ஷா அல்லாஹ், அடுத்த தலைமுறை அதை வாசிக்கும்.